ஷூ பெட்டியில் மண்ணோடு ராஜபாளையம் போனேன்

வெளிநாடு போனவர்கள்தான் பயணக் கட்டுரை எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் ஒருவர் இத்தாலி போய் வந்து ஒரு வருஷம் அதையே பேசிக்கொண்டிருந்தார். நான் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ராஜபாளையம் வரைதான் போனேன். ஆனால் நாற்பத்தெட்டு வயது வரை வேலூரைத் தாண்டித் தனியாகப் போகாத எனக்கு அது இத்தாலிதான். பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன காரணம் மண். பாலாற்றங்கரையில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. தோல் பதனிட்ட தண்ணீர் பல வருஷம் பாய்ந்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, கருவேல முள்ளே வெட்கப்பட்டுக்கொண்டு முளைக்கிற நிலம். லாரி ஷெட் போட ஓர் ஆள் கேட்கிறார். என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார், விற்றுவிடலாம் என்கிறார். என் வீட்டுக்காரர் அண்ணன் முன்னால் உட்காரவே மாட்டார், பிறகு எங்கே பேசுவது. விற்றால் மேலே சிமென்ட் போட்டுவிடுவார்கள். எனக்கோ, அந்த நிலத்தில் ஒரே ஒரு தடவை கேழ்வரகுக் கதிர் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது வெள்ளையாகவே இருக்கிறது.

என் பக்கத்து மெஷினில் தைக்கும் மாரியம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரி. "எங்கக்கா கோமதி இப்படித்தான் ஒரு செத்த நெலத்த எழுப்பிட்டா. போயிப் பாரு" என்றாள். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் வேணுமா வேண்டாமா என்று போனில் சொல்லிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, மூத்தார் என்னை விட்டார். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்ற தைரியத்தில்தான் விட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் நிலத்தின் நாலு மூலை மண்ணையும் நாலு கவரில் கட்டி, கம்பெனி ஷூ பெட்டி ஒன்றில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். பெட்டியின் மேல் பளபளப்பான ஆண்கள் ஷூ படம்.

சனிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க வேண்டும். ஸ்டேஷன் வந்தது. ஒரு பருத்த மனிதர் வழியை அடைத்து, பெட்டி மேல் பெட்டி அடுக்கி, அதன் மேல் காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வெட்கம். "ஏங்க" என்று எனக்கே கேட்காத குரலில் இரண்டு தடவை சொன்னேன். ரயில் கிளம்பிவிட்டது. ராஜபாளையத்தில் அவரே கண்ணைத் திறந்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துருச்சாக்கா?"

"அது போயிடுச்சுங்களே."

"அடக் கொடுமையே! என்னைய எழுப்பக் கூடாதா?" என்று என்னையே திட்டினார். இருவரும் ராஜபாளையத்தில் இறங்கினோம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவருக்குத் தெரியாமல் ஷூ பெட்டிக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஊருக்குப் பின்னாலேயே மலை நிற்கிறது. எங்கள் ஊரிலும் மலை உண்டு, காய்ந்த பாறை. இங்கே நீலமும் பச்சையுமாக, தலையில் மேகம் சுற்றிக்கொண்டு நிற்கிறது. நடந்து போகிற ஒருவரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் இரண்டு பேர் பங்குக்குப் பார்த்தேன்.

ஒரு வீட்டு வாசலில் வெள்ளை வெளேரென்று உயரமான நாய் நின்றது. மூக்கு ரோஜா நிறம். அது வந்து என் பெட்டியை மோந்து பார்த்து, ஒரு தும்மல் போட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. எங்கள் மண்ணுக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் ரிப்போர்ட் அதுதான்.

ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். இலையில் மூன்று சட்னி, ஒரு சாம்பார், கேட்காமலே இட்லிப் பொடி. இன்னொரு வடை வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. பரிமாறியவர் என் இலையைப் பார்த்தார், வடையை வைத்தார், "சும்மா சாப்புடுங்கக்கா" என்று போய்விட்டார். கேட்காமலே புரிந்துகொள்ளும் ஊர் என்று அப்போதே பிடித்துப்போனது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்டக்டர் கத்தினார்: "ஸ்ரீவில்லிபுத்தூர், திருவண்ணாமலை! திருவண்ணாமலை!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராத்திரி முழுக்க வந்தது வீணா, திருவண்ணாமலை எங்கள் ஊர்ப் பக்கமாயிற்றே! பக்கத்தில் இருந்த அம்மாளிடம் மெதுவாக, "இது எம்மாம் நேரத்துல திருவண்ணாமலை போவும்?" என்று கேட்டேன்.

"அரை மணி நேரந்தான். புரட்டாசிச் சனிக்கெழமைல, கூட்டமா இருக்கும்."

அரை மணியில் திருவண்ணாமலையா என்று விழித்தேன். பிறகு விசாரித்தால், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் ஒரு மலை, மேலே பெருமாள், அதற்கும் அதே பெயர். பஸ் முழுக்கப் பெருமாளைப் பார்க்கப் போகிறவர்கள்.

அந்த அம்மாள் என் மடியைப் பார்த்தாள். "பெட்டில என்னம்மா?"

"மண்ணுங்க."

"எந்தக் கோயில் மண்ணு?"

நான் பதில் யோசிப்பதற்குள் மூடியைத் தூக்கி, ஒரு கவரின் முடிச்சையும் அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்துவிட்டாள். நெற்றிக்குக் கொண்டுபோகிறாள்.

"ஐயோ வேணாம்!" என்று கத்தி அவள் கையைப் பிடித்தேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் பிரேக் போட்டார். என் வாழ்க்கையிலேயே பொது இடத்தில் கத்தியது அதுதான் முதல் தடவை. "அது கெட்ட மண்ணுங்க. தோல் கழுவின தண்ணி பாஞ்சது."

"கெட்ட மண்ணப் போயி யாரும் மடில வச்சுக் கொஞ்சுவாகளா?" என்றாள் அந்த அம்மாள். பின் சீட்டில் ஒருவர், "விடுங்க ஆச்சி, அவியவிய ஊர்ல என்ன பழக்கமோ" என்றார். என் தண்ணீர் பாட்டிலால் அவள் விரலைக் கழுவிவிட்டேன். இறங்கும்வரை அவள் அந்த விரலைத் தனியாக நீட்டிக்கொண்டே வந்தாள்.

கோமதியின் ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஏற்கெனவே பார்க்க வருகிறவர்கள் அதிகமாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை ஒன்று முன்பு பக்கத்தில் இருந்து, மூடிப்போனது. அதன் சோடாத் தண்ணீர் பாய்ந்து கோமதியின் வயல் கல்லாக இறுகிவிட்டதாம். நான் பார்த்தது பச்சை. இடுப்பு உயரத்துக்குப் பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டு, வாய்க்கால் ஓரமெல்லாம் வெட்டிவேர், ஒரு பக்கம் நெல்.

"மொதல்ல வடிகால் தோண்டுனோம். பொறவு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணி கட்டி, உப்ப எறக்குனோம். இந்தப் பூண்ட வளத்து மடக்கி உழுதோம். திரும்ப வளத்து, திரும்ப உழுதோம். எம்புட்டுத் தரம்னு எனக்கே மறந்துபோச்சு யக்கா" என்றாள் கோமதி. என் வயதுதான் இருக்கும். பேச்சில் என்னைப்போல் பத்து பேர் சேர்ந்தாலும் ஈடாகாது.

வயல் முழுக்கப் பன்னிரண்டு வெள்ளைக் கம்பங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மண்ணுக்குள் ஒரு கருவி, தலையில் சின்ன சோலார் தகடு. மண்ணில் ஈரம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று மணிக்கு ஒருதரம் அதுவாகவே அனுப்பும். பம்புசெட்டில் ஒரு கருவி, தொட்டியில் ஒன்று, மழை அளக்க ஒன்று. எல்லாம் யாரையும் கேட்காமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. இந்த வயலில் வாய் மூடி இருந்தவள் நான் ஒருத்திதான்.

கோமதியின் கணவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்கு மிலிட்டரி என்றே பெயர். கம்பங்களைச் சிப்பாய்கள் மாதிரி நடத்துகிறார். காலையும் மாலையும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் விறைப்பாக நடப்பார்.

"ஒண்ணாம் நம்பர் ஆள் சரி. ரெண்டாம் நம்பர் சரி. நாலாம் நம்பர் தண்ணி கேக்கான்." ஏழாம் நம்பரிடம் வந்ததும் முகம் கறுத்துவிட்டது. "இவன் ஒருத்தன்தான் தங்கச்சி டிசிப்ளின் இல்லாதவன். எல்லாவனும் உப்பு எறங்குதுங்கான். இவன் மட்டும் ஏறுதுங்கான்."

கோமதி உடனே பேச்சை மாற்றி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ராத்திரிக்கு ராஜபாளையத்திலிருந்து எண்ணெய்ப் புரோட்டா வந்தது. பிஸ்கட் மாதிரி மொறுமொறுவென்று இருப்பதைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றுகிறார்கள். எங்கள் ஊர் பிரியாணிக்குத் துரோகம் செய்கிறோமே என்று நினைத்துக்கொண்டே நாலு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நிவேதா ஸ்கூட்டியில் வந்தாள். கிருஷ்ணன்கோவில் யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிற பெண். இந்தக் கம்பங்களெல்லாம் அவள் வேலைதான். வந்ததும் வராததுமாக அவளுடைய அம்மா போன் செய்து, சாப்பிட்டாயா என்று தெலுங்கில் கேட்டது வெளியே கேட்டது. "தினலேதண்டி, இப்புடே பெடதாமு" என்று, இன்னும் சாப்பிடவில்லை, இதோ போடுகிறோம் என்ற அர்த்தத்தில், நான் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் தெலுங்கு சகஜம். ஆனால் முன்பின் தெரியாதவர் போனில் நானாகப் பேசியது எனக்கே ஆச்சரியம். இந்த ஊர்க் காற்றில் ஏதோ இருக்கிறது.

இட்லியைப் பிட்டுக்கொண்டே நிவேதா தன் தலைவலியைச் சொன்னாள்.

"எல்லாக் கம்பமும் ஓயாம அனுப்புதும்மா. எல்லாத்தையும் சேத்து வச்சா தேடுறது கெடைக்காது. வேண்டாம்னு அழிச்சா, பொறவுதான் அது வேணும்னு தெரியும். பன்னெண்டுல ஒண்ணு மட்டும் வேற சொன்னா, அது பழுதுன்னு ஒதுக்கிடச் சொல்லி கம்ப்யூட்டர்ல எழுதி வச்சுருந்தோம். ஏழாம் நம்பரையும் அது ஒதுக்கிருச்சு. மாமாதான் விடலை."

"ஒத்தைல நின்னு எதுத்துப் பேசுதான்னு ஒருத்தன சுட்டுற முடியுமா?" என்றார் மிலிட்டரி. "விசாரிக்கணும்லா?"

"விசாரிச்சேன். கருவி நல்லாத்தான் இருக்கு. வேற மாத்திப் போட்டும் அதையேதான் சொல்லுது. அப்போ நெசமாவே அங்க உப்பு ஏறுது." நிவேதா என் பக்கம் திரும்பினாள். "அடி மண்ணுல இருந்து ஏறுதுன்னா, இன்னைக்கு ஏழு, நாளைக்கு எட்டு. நாங்க செஞ்சதெல்லாம் மேல் பூச்சுதான்னு அர்த்தம். உங்க நெலத்துக்கு நான் என்ன சொல்றது?"

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் மூத்தாருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அந்த ஒற்றைக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உப்பு நிஜமாகவே அடியிலிருந்து ஏறினால், விற்றுவிடுவதுதான் புத்தி. பச்சையைப் பார்த்த சந்தோஷம் பாதியாகிவிட்டது.

"இதுக்காகவே இந்த மாசம் நாலு தரம் ஆள் கூட்டிட்டு வந்துட்டேன். வந்து பாத்துட்டுப் போன பொறவு இன்னும் கூடத்தான் செய்யுது" என்றாள் நிவேதா. ஏழாம் நம்பர் மட்டும் நிமிஷத்துக்கு ஒருதரம் அனுப்புகிற மாதிரி மாற்றிவைத்தாள். உப்பு கூடினால் எல்லார் போனிலும் மணி அடிக்கும்.

பகல் முழுக்க ஏழாம் நம்பர் நல்ல பிள்ளையாக இருந்தது. மணியே அடிக்கவில்லை.

நாலு மணிக்குக் கான்சாபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய விவசாயிகள் பார்க்க வந்தார்கள். ஆளாளுக்கு நெல்லைத் தடவினார்கள்.

"எம்புட்டுப் பச்சை!"

"ஏலே, நம்ம வயல் கூட இப்படி இல்லையேலே!"

"குடுத்து வச்ச மகராசி!"

ஒவ்வொரு பாராட்டுக்கும் கோமதியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. வேன் கிளம்பியது. அது ரோட்டைத் தொடுவதற்குள் அவள் வீட்டுக்குள் ஓடி, ஒரு கை நிறையக் கல் உப்பும் மிளகாய் வத்தலும், மறுகையில் செம்புத் தண்ணீருமாக வந்தாள்.

"யக்கா, நீங்களும் நில்லுங்க. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துருக்கீக. ஏட்டி நிவேதா, நீயும் வா."

எங்களைச் சேர்த்து நிற்கவைத்து, வயலையும் ஒரு பார்வை பார்த்து, வலது பக்கம் மூன்று தடவை, இடது பக்கம் மூன்று தடவை சுற்றினாள். "வந்த கண்ணு, போன கண்ணு, வேன்ல இருந்து எட்டிப் பாத்த கண்ணு" என்று முணுமுணுத்தாள். எங்கள் ஊரிலும் இதெல்லாம் உண்டு, பூசணிக்காய் உடைப்போம். மூன்று வரப்பு கூடுகிற இடத்துக்குப் போனாள். மூன்று வழி கூடுகிற இடத்தில் போட்டால்தானே கண்ணேறு திரும்பி வராது. உப்பைப் போட்டாள், கரையட்டும் என்று செம்புத் தண்ணீரையும் ஊற்றினாள், திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

காபி கலந்தாள். ஆளுக்கு ஒரு வாய் குடித்திருப்போம்.

டிங்!

கோமதியின் போன். அடுத்து மிலிட்டரியின் போன். அடுத்து நிவேதாவின் போன்.

"ஏழாம் நம்பர்!" என்று மிலிட்டரி எழுந்து நின்றுவிட்டார்.

"பாத்தீகளா யக்கா, கண்ணு கழிச்சும் கேக்கல பாருங்க. எம்புட்டு எரிஞ்ச கண்ணோ! நான் வேணா இன்னொரு கை உப்பு..." என்று கோமதி எழுந்து உப்பு ஜாடியை எடுத்தாள்.

நான் அந்த மூன்று வரப்பு கூடுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வெள்ளைக் கம்பம் நின்றது. நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் பஸ்ஸில் ஒருதரம் கத்திப் பழகிவிட்டதே.

"கோமதி, நீ உப்பு போட்டது எந்தக் கம்பத்தாண்ட?"

"ஏழாம் நம்ப..." என்றவள் அப்படியே நின்றாள். கையில் உப்பு ஜாடி.

மிலிட்டரிதான் முதலில் தொடங்கினார். "ஏட்டி! எத்தனை நாளா?"

"அது... ஆளுக வந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம். நெலத்துல கண்ணு விழக் கூடாதுல்ல?"

நிவேதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வரவில்லை. "உப்பு ஏறுதுன்னு நான் ஆள் கூட்டிட்டு வருவேன். ஆள் வந்துச்சேன்னு நீங்க உப்பு போடுவீங்க. திரும்ப ஏறுதுன்னு நான் இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வருவேன்..."

"அவன் நெசத்தத்தான் சொல்லிருக்கான்!" என்றார் மிலிட்டரி, ஏழாம் நம்பரைப் பார்த்து. ஒரு சல்யூட்டும் வைத்தார்.

"கம்பத்துக்கு உப்பு தெரியும் மாமா. யாரு போட்டா, எதுக்குப் போட்டான்னு தெரியாதுல்ல. அதையும் நான்தான் கேட்டு எழுதி வச்சிருக்கணும்" என்றாள் நிவேதா.

நானும் சிரித்தேன். பெட்டி எதுவும் மறைக்காமல், வாயைப் பொத்தாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கோமதி முதலில் கோபித்துக்கொண்டாள், பிறகு எங்களை எல்லாம் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை நிவேதா என்னைக் காலேஜ் பஸ்ஸில் கிருஷ்ணன்கோவிலுக்கு அழைத்துப் போனாள். பஸ் நிறையப் பிள்ளைகள். என் மடியில் பெட்டியைப் பார்த்து ஒரு பெண், "ஆன்ட்டி, அங்கிளுக்கு ஷூவா?" என்றாள். "இல்ல, மண்ணு" என்றேன் சத்தமாகவே. யாரும் எடுத்து நெற்றியில் வைக்கவில்லை.

லேபில் நிவேதா விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டாள். "உப்பை மட்டும்னா கோமதி அத்தை செஞ்ச மாதிரி எறக்கலாம். உங்க மண்ணுல தோல் பதனிடப் போடுற குரோமியமும் இருக்கலாம்மா. அது சுலபமாப் போகாது. செடி வச்சு இழுக்கலாம், மண்ணுலயே கட்டிப்போடப் பாக்கலாம். அந்தச் செடிய மாட்டுக்குப் போடக் கூடாது. கழுவுன தண்ணிய ஆத்துல விடக் கூடாது. வருஷக்கணக்கு ஆகும். ரிப்போர்ட் வராம நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"முடியவே முடியாதுன்னு சொல்லலியே?"

"அப்படிச் சொல்லலை."

கவர்களின் மேல் ஒட்ட, நிலத்துக்காரர் பெயர் கேட்டாள். மூத்தார் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. "அமுதா" என்றேன். நாலு கவரிலும் என் பெயரை எழுதி வரிசையாக வைத்தாள். அந்த வரிசையை நான் இரண்டு தரம் பார்த்தேன்.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கினேன். கோபுரம் எந்தத் தெருவில் திரும்பினாலும் எட்டிப் பார்க்கிறது. சூடான பால்கோவாவை இலைத் துண்டில் வைத்து ருசி பார்க்கக் கொடுத்தார் கடைக்காரர். முன்பானால் ஒரு வாயோடு தலையாட்டியிருப்பேன். "இன்னும் கொஞ்சம் குடுங்களேன்" என்றேன். அவர் கொடுத்தார். இவ்வளவுதானா விஷயம் என்று இருந்தது. காலிப் பெட்டியைப் பார்த்து, "இதுலயே போட்டுத் தரட்டாக்கா?" என்றார். "ஐயோ வேணாம்!" என்று இரண்டாவது தடவை கத்தினேன். இந்தத் தடவை வெட்கமாகவே இல்லை.

சாயங்காலம் கோமதி வீட்டு வாசலில் நின்று மூத்தாருக்குப் போன் போட்டேன். கோமதியும் மிலிட்டரியும் வேலை செய்வது போல் பக்கத்திலேயே நின்றார்கள்.

"இன்னாம்மா, பாத்தியா? அந்த ஆள் வந்து குந்திகினு கீறாரு. வித்துடலாமா?"

"விக்க வேணாம் மாமா."

"யாரு பேசறது?" என்றார் மூத்தார்.

"நான்தான், அமுதா. மண்ண டெஸ்டுக்குக் குடுத்துக்கிறேன். ரிப்போர்ட் வரட்டும். நல்லா ஆவும்னு நான் சொல்லல. ஆனா சிமென்ட் போட்டுட்டா அப்பறம் ஒண்ணுமே ஆவாது. அவர எழுப்பி அனுப்புங்கோ."

"வந்து சேரு, பேசலாம்" என்றார். அவர் 'பேசலாம்' என்று என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"யம்மாடி! எம்புட்டுத் தைரியமாப் பேசிட்டீக! கண்ணு பட்டுரும்" என்று கோமதி உள்ளே ஓடினாள். மிலிட்டரி தடுப்பதற்குள் கை நிறைய உப்பும் செம்புத் தண்ணீருமாக வந்து, என்னை நிற்கவைத்துச் சுற்றியும்விட்டாள். பிறகு வழக்கம்போல் வரப்பைப் பார்த்து இரண்டடி வைத்தவள், டக்கென்று நின்றாள். மூடிய கையோடு எங்களைப் பார்த்தாள். எங்கே போடுவது? இந்தப் பக்கம் ஆறாம் நம்பர், அந்தப் பக்கம் எட்டு, நடுவில் ஏழு.

மிலிட்டரி ரோட்டைக் காட்டினார். "பாலத்துக்கு அங்கிட்டு மூணு ரோடு சேருது. அங்க நம்ம ஆள் ஒருத்தனும் கெடையாது. நட!"

கோமதி முன்னால், நான் நடுவில், மிலிட்டரி பின்னால். மூவரும் வரிசையாகப் பாலத்தைத் தாண்டி நடந்தோம். கோமதி உப்பைப் போட்டாள், செம்புத் தண்ணீரை ஊற்றினாள். மூன்று பேரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஒரு போனும் அடிக்கவில்லை.